கை தானா வரைஞ்ச முகம்

இல்லம்மா, குஜராத்துல எனக்குச் சொந்தக்காரங்க யாரும் கிடையாது. ஒருத்தியைப் பாக்கப் போறேன். அவளும் சொந்தமில்ல. அவ கடப்புறத்துக்காரி, கடலோரத்து மீன்காரச் சனம். எனக்க ஊரு தக்கலைப் பக்கம், மேட்டுல. அவ ஊரு பள்ளிக்கூடத்துல நான் டிராயிங் டீச்சர். பனையடித்துறைன்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

நேத்து ரயில் ஏறுனதுல இருந்து நான் போன்ல பேசுததை நீங்க கேட்டுட்டுத்தான் இருக்கீங்க. போலீஸ்னு சொன்னதும் உங்க முகம் மாறிச்சு. நான் கவனிச்சேன். முகத்தைக் கவனிக்கது எனக்கத் தொழிலு. அதனால முழுசையும் சொல்லிருதேன். பாதியைக் கேட்டுட்டு இறங்கிப் போனா என்னைத் தப்பா நினைப்பீங்க. ஏற்கனவே ஒரு ஊரே நினைச்சிட்டு இருக்கு, நீங்க வேறயா?

எனக்குப் பேரு ஹெப்சிபாய். பிள்ளைய ஹெப்சி டீச்சர்னு கூப்பிடும். கல்யாணம் பண்ணல. சின்ன வயசுல இருந்தே ரெண்டு கிறுக்கு எனக்கு. ஒண்ணு படம். இன்னொண்ணு கதை எழுதது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா வரைவேன், வரைஞ்சு முடிச்சா எழுதுவேன். பதினெட்டு வருசம் இப்படியே போச்சு. ஒரு பிரயோசனம் இல்ல. சூரியன் மறையது, தென்னை மரம், குமரிப் பாறை, குடம் எடுத்துட்டுப் போற பொம்பளை, இதையே திருப்பித் திருப்பி வரைஞ்சேன். கதையும் அப்படித்தான். குடிகாரன் திருந்துவான், அம்மைக்காரி தியாகம் செய்வா. பத்திரிகைக்கு அனுப்புவேன். பதிலே வராது.

ஒருக்கா நாகர்கோவில்ல ஒரு கண்காட்சி. நான் அஞ்சு படம் கொண்டு வச்சேன். அதை நடத்துனவரு ஒவ்வொரு படமா பாத்துட்டு வந்தாரு. எனக்கப் படங்களுக்கு முன்னால வந்ததும் நிக்கவே இல்ல. நடந்துக்கிட்டே சொன்னாரு: "டீச்சர், உங்களுக்குக் கை நல்லா இருக்கு. ஆனா நீங்க எதையும் பாக்கல." அவ்வளவுதான். டீ குடிக்கப் போயிட்டாரு. அந்த வார்த்தையை நான் எத்தனை நாள் சுமந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கண்ணு இல்லியா? நான் பாக்கலியா? பாக்கதுக்கு எனக்கு என்ன இருந்துச்சு, சொல்லுங்க?

பிறகு அந்தப் புயல் வந்துச்சு.

கார்த்திகை மாசம். பனையடித்துறை விசைப்படகு ஒண்ணு ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருந்துச்சு. விண்ணரசின்னு பேரு. பதினொரு பேரு அதுல. ஒருத்தரும் திரும்பி வரல. மூணு பேரு உடம்பு கேரளாக் கரையில அடைஞ்சிச்சு. மீதி எட்டுப் பேரு என்ன ஆனாவன்னு இன்னைக்கு வரை யாருக்கும் தெரியாது. ஒரு வருசம் கழிச்சு ஆபீசர்மார் வந்தாவ. இறந்துட்டாருன்னு கையெழுத்துப் போட்டாத்தான் சர்ட்டிபிகேட்டு கிடைக்கும், உதவியும் கிடைக்கும். ஏழு வீட்ல போட்டாச்சு. எட்டாவது வீடு அமலி வீடு. அமலோற்பவம். அவ மாட்டேன்னுட்டா.

"எனக்க மாப்ள செத்ததை நான் பாக்கல. பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" அப்படின்னு ஆபீசர்ட்டயே கேட்டா.

அவ மாப்ள பேரு கிளீட்டஸ். நான் அவரை நேர்ல பாத்ததில்ல. அவளுக்க மக ரெனிட்டா எனக்கிட்ட எட்டாம் கிளாஸ் படிச்சா. அமலி காலையில மீன் விப்பா. வித்து முடிச்சு, குளிச்சு, சாயங்காலம் தூண்டில் வளைவுல வந்து உக்காருவா. கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டமா கட்டியிருப்பாவல்லா, அதுக்க நுனியில. இருட்டுத வரைக்கும் கடலையே பாத்துட்டு இருப்பா. பள்ளிக்கூடத்து மாடியில நின்னா தெரியும். ஒருநாள் நானும் நோட்டை எடுத்துட்டுப் போய் அவளுக்குப் பின்னால உக்காந்தேன்.

ரெண்டு மூணு நாள் அவ திரும்பிக்கூடப் பாக்கல. பிறகு ஒருநாள் கேட்டா: "என்ன டீச்சரே, என்னையா வரையிதிய?"

"உனக்க முதுகை."

"முதுகுல என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்குதேன்."

"கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க," அப்படின்னுட்டுத் திரும்பிக்கிட்டா.

ஒரு நோட்டு முழுக்க முதுகுதான் வரைஞ்சேன். முதல்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கொண்டை, சேலை, கல்லு. ஆனா காத்திருக்கவ மாதிரி இல்ல, பஸ்ஸுக்கு நிக்கவ மாதிரி இருந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் தூரத்துல ஒரு படகு வந்துச்சு. அவ தோள்பட்டை ஒரு விரக்கடை உயந்துச்சு பாத்துக்கிடுங்க. படகு கிட்ட வந்துச்சு. வேற ஊரு படகு, வேற நிறம். தோள் மெதுவா இறங்கிச்சு. அந்த இறக்கத்தை ஒரே கோட்டுல பிடிச்சேன். கழுத்துல தொடங்கி முழங்கை வரைக்கும், பென்சிலை எடுக்காம, ஒரே ஒரு கோடு. பதினெட்டு வருசத்துல நான் வரைஞ்ச முதல் கோடு அதுதான்னு தோணிச்சு.

எழுத்தும் அன்னைக்குத்தான் திறந்துச்சு. வீட்டுக்குப் போய் எழுத உக்காந்தேன். 'அவள் துயரத்தில் ஆழ்ந்திருந்தாள்'னு எழுதி வெட்டுனேன். 'வந்த படகு பச்சை. அவங்க படகு நீலம்'னு எழுதுனேன். அது போதும்னு தெரிஞ்சிச்சு. எது போதும்னு தெரியததுதான் எழுத்து, கேட்டியளா? அதை எனக்கு யாரும் சொல்லித் தரல. அந்த முதுகு சொல்லித் தந்துச்சு. அந்தக் கதையும் படமும் ஒண்ணா ஒரு வாரப் பத்திரிகையில வந்துச்சு. ஆசிரியரே போன் பண்ணி இன்னும் கேட்டாரு. நான் அழுதுட்டேன்.

அந்த ஒரு வருசம் மாதிரி எனக்க வாழ்க்கையில வேற வருசம் இல்ல. தினமும் வரைஞ்சேன், தினமும் எழுதுனேன். அவ காலு, அவ கை, அவ மீன் கூடை, அவ பேசாம இருக்க வாயி. மழை பெய்ஞ்சா அவ குடை பிடிக்க மாட்டா. நான் பிடிச்சுட்டு வரைவேன்.

டீ வேணுமா? இவன் கொண்டு வாறது வெந்நீர்தான். விடுங்க.

இனி சொல்லதைக் கவனமாக் கேளுங்க. இதைத்தான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கிடுதாவ. ரெண்டாவது வருசம் அமலி மாறத் தொடங்குனா. ஊர்ல பெண்கள் குழு ஒண்ணு மீன் ஊறுகாய் போட்டாவ. அதுல சேந்தா. ரெனிட்டா கிளாஸ்ல முதல் ரேங்க் வாங்குனா. அமலி பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லா டீச்சருக்கும் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தா. சிரிச்சா. பல்லு தெரியச் சிரிச்சா. கல்லுக்கு வாறது குறைஞ்சிச்சு. தினமும்ங்கது வாரத்துக்கு ரெண்டு நாள் ஆச்சு, பிறகு ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆச்சு.

எனக்குச் சந்தோசம்தான். ஒரு பொம்பளை தேறி வாறதைப் பாத்து யாருக்கு வருத்தம் வரும்? ஆனா கை நின்னுபோச்சும்மா. அவ இல்லாத கல்லை வரைஞ்சேன், வெறும் கல்லா இருந்துச்சு. ஊறுகாய் பாட்டிலுக்கு மூடி போடுத அமலியை வரைஞ்சேன், விளம்பரம் மாதிரி இருந்துச்சு. பத்திரிகைக்காரரு கேட்டுட்டே இருக்காரு. நான் வெள்ளைத் தாளைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். பழையபடி தென்னை மரத்துக்குப் போயிருவேனோன்னு பயம். அந்தப் பயம் உங்களுக்குப் புரியாது. நீங்க வரையாதவங்க.

அப்ப ஒருநாள் அவளே வந்தா. "டீச்சரே, ஃபாதர் சொல்லுதாரு, கையெழுத்துப் போட்டிருன்னு. பிள்ளைக்க படிப்புக்கு ஆவுமாம். எனக்கும் போடலாம்னுதான் தோணுது. அவரு இருந்தா இதுக்குள்ள வந்திருக்க மாட்டாரா?"

"போடு," அப்படின்னேன். நான்தான் சொன்னேன். அதையும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. "அதுக்கு முந்தி உனக்க மாப்ளயை நான் ஒரு படம் வரைஞ்சு தாரேன். வீட்ல மாட்டிக்கிடு."

நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். அவகிட்ட இருந்தது மீனவர் கார்டுல ஒட்டுன ஒரு சின்ன போட்டோ, தண்ணி பட்டு மங்கிப்போனது. கல்யாண போட்டோ புயல்ல போச்சு. அதனால ஒரு வாரம் அவ சொல்லச் சொல்ல வரைஞ்சேன். மூக்கு நீளம், நெத்தி அகலம், இடது புருவத்துல ஒரு வெட்டு. வலை இழுக்கும்போது கப்பி அடிச்ச வெட்டாம். வெட்டு இருக்க இடத்துல முடி முளைக்காதாம். அதைச் சொல்லும்போது எனக்கப் புருவத்தைத் தொட்டுக் காட்டுனா. விரலு ஐஸ் மாதிரி இருந்துச்சு.

ஆனா முகம் வரல. என்ன செஞ்சாலும் செத்த மனுசன் முகமாத்தான் வந்துச்சு. எட்டுத் தாள் கிழிச்சேன். அப்பதான் டிராயிங் ரூம் அலமாரியில கிடந்த ஒரு பழைய பத்திரிகை கைக்கு வந்துச்சு. பிள்ளைகளுக்கு மாதிரிக்குக் காட்டதுக்கு வச்சிருப்பேன். நடுப்பக்கத்துல பெருசா ஒரு போட்டோ. ஏதோ வடக்கத்தி துறைமுகம். நீலச் சுவரு, பின்னால மேல்பாதி இடிஞ்ச ஒரு கோபுரம், முன்னால ஒரு ஆளு வலை பின்னிட்டு இருக்காரு. தாடி. நீள மூக்கு, அகல நெத்தி. பாதி தலையைத் தூக்கி யாரோ கூப்பிட்ட மாதிரி பாக்காரு. அந்தப் பார்வை இருக்கே, உயிரு!

அப்படியே எடுத்தேன். எல்லா ஆர்ட்டிஸ்டும் எடுப்பாவ. போட்டோ பாக்காம யாரு வரையுதா? சுவரு, கோபுரம், வலை, தாடி, பார்வை எல்லாத்தையும் ஆயில்ல வரைஞ்சேன். இடது புருவத்துல வெட்டை மட்டும் நான் போட்டேன். இருபது நாள் ஆச்சு. சோறு தண்ணி ஞாபகம் இல்ல. முடிச்சிட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். அந்த ஆளு என்னைப் பாத்தாரு.

அமலியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அழுவான்னு நினைச்சேன். அவ அழல. ரொம்ப நேரம் நின்னா. பிறகு மெதுவாக் கேட்டா:

"தாடி எப்ப வச்சாரு?"

நான் பிரஷைத் துணியில துடைச்சேன்.

"நான் தாடியே சொல்லலியே டீச்சரே. எப்பவும் வழிச்சுத்தான் இருப்பாரு. இது எந்த இடம்? இந்தச் சுவரு, இந்தக் கோபுரம்... இதை நீங்க எங்க பாத்திய?"

அலமாரிக்குள்ள அந்தப் பத்திரிகை இருக்கு. நாலு எட்டு வச்சா எடுத்துக் காட்டிரலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியல அமலி. கை தானா வரைஞ்சிச்சு."

பொய்னு நினைக்காதீங்க. ஒரு விதத்துல அது உண்மை. பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டுங்க பேட்டியில இதைத்தான் சொல்லுதாவ. நாம வரையல, எதுவோ நம்மளை வச்சு வரையுதுன்னு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதோட, அந்த நேரம் அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும். உள்ளே யாரோ விளக்கை ஏத்துன மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா, வாயில தொடங்கி, கன்னம், கண்ணு... நான் அப்படி ஒரு முகத்தை அதுவரைக்கும் பாத்ததே இல்ல. பேசுனா கலைஞ்சிரும்னு மூச்சை அடக்கிட்டு நின்னேன். மனசுக்குள்ள ஒவ்வொரு நிழலா குறிச்சுக்கிட்டேன்.

அவ கையெழுத்துப் போடல.

படத்தைத் துணியில சுத்தி வீடு வீடாக் கொண்டு போனா. ஃபாதர், "இது டீச்சருக்க கற்பனை மகளே"ன்னு சொல்லியிருக்காரு. அவ கேக்கல. ஸ்டீபன்னு ஒரு எஞ்சின் டிரைவரு, குஜராத் பக்கம் பல வருசம் படகுல போனவரு. அவரு பாத்ததும், "இந்தக் கோபுரம் எனக்குத் தெரியுமே, நாங்க ஐஸ் ஏத்துத இடம்லா"ன்னு துறைமுகத்துக்கப் பேரையே சொல்லிட்டாரு. பிறகு அவளை யாரு பிடிச்சு நிறுத்த? நான் போகாத ஊரு, எனக்குத் தெரியாத கோபுரம், எனக்கப் படத்துல இருக்குன்னா அது மாதா காட்டுனதுதான்னு அவளுக்கு ஆயிட்டு. ஊர்லயும் பாதிப் பேரு நம்புனாவ. ரோட்ல போனா என்னைப் பாத்துக் கும்பிட்டாவ. நான் என்ன செய்ய?

ஊறுகாய்க் குழுவை விட்டா. மாப்ளயோட சட்டையெல்லாம் எடுத்துத் துவைச்சு, இஸ்திரி போட்டு அடுக்குனா. சாயங்காலம் எனக்கிட்ட வந்து உக்காருவா. நான் அவளை வரைவேன். மூணு மாசம் வரைஞ்சேன். பெரிய கேன்வாஸ். 'நம்பிக்கை'ன்னு பேரு வச்சேன். சென்னையில முதல் பரிசு அதுக்குத்தான் கிடைச்சுது. நாகர்கோவில்ல அன்னைக்கு நிக்காமப் போனாரே, அவரு அங்க வந்திருந்தாரு. எனக்கப் படத்துக்கு முன்னால எவ்வளவு நேரம் நின்னாரு தெரியுமா? நான் வாட்சைப் பாத்துட்டே இருந்தேன். எழுத்தும் ஓடிச்சு. அவளைப் பத்தி ஒரு நீளக்கதை எழுதுனேன். அதுல வாறவ புருசனைத் தேடி ரயில் ஏறுவா. பத்திரிகை வந்ததும் ரெனிட்டா அதை அம்மைக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா. கதை வந்து பத்தாவது நாள் அமலி டிக்கெட் எடுத்தா. நான் எழுதுனதாலயா எடுத்தா? அவ எப்படியும் போவான்னு எனக்குத் தெரிஞ்சிச்சு, அதனால எழுதுனேன். அது வேற, இது வேற.

ரெனிட்டா... ஆமா, அவளைப் பத்திச் சொல்லணும். அப்ப பத்தாம் கிளாஸ். ஒருநாள் டிராயிங் ரூம் அலமாரியில தாள் எடுக்கப் போனவ அப்படியே நின்னுட்டா. கையில அந்தப் பத்திரிகை. நடுப்பக்கம் விரிஞ்சு இருக்கு.

"டீச்சர், இது அப்பா இல்ல."

நான் கதவைச் சாத்துனேன். "பிள்ளை, அது மாதிரிக்கு எடுத்தது."

"அம்மாட்ட சொல்லுங்க டீச்சர்."

"நீயே காட்டேன்."

"நான் காட்டுனா நம்ப மாட்டாவ. டீச்சர் வரைஞ்சதைப் பாத்துத்தான் போட்டோ எடுத்திருக்காவன்னு சொல்லுவாவ. நீங்க சொன்னாத்தான் நம்புவாவ." அவ அழல. அது என்னமோ அவுங்க குடும்பத்துல யாருமே சட்டுனு அழ மாட்டாவ. "டீச்சர், அம்மா இப்ப சாப்பிடதே இல்ல. அப்பாவுக்கு ஒரு தட்டு எடுத்து வச்சிட்டு இருக்காவ. சொல்லுங்க டீச்சர்."

"சென்னைக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன்"னேன். அந்த வாரம் 'நம்பிக்கை' படத்தை அனுப்ப வேண்டியிருந்துச்சு. கடைசியா அமலி கண்ணுல ரெண்டு இடம் சரி பண்ணணும். அதுக்கு அவ உக்காரணும். உண்மையைச் சொல்லிட்டா அந்தக் கண்ணு இருக்குமா? நீங்களே சொல்லுங்க.

நான் சென்னையில இருந்து வந்தப்ப அமலி பை கட்டி வச்சிருந்தா. பிள்ளையை அக்கா வீட்ல விட்டுட்டு விடைசொல்ல வந்தா. கிளீட்டஸ் படத்தைக் கொண்டு போகணும்னு கேட்டா. எனக்குக் கொடுக்க மனசில்ல, உண்மையைச் சொல்லுதேன். அது நல்லா வந்த படம். தொலைஞ்சிட்டா? சட்டத்துக்குப் பின்னால எனக்கப் பேரும் போன் நம்பரும் பெயிண்ட்லயே எழுதிக் கொடுத்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்னு ரெனிட்டா சொல்லுதா. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ எனக்கக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "இந்தக் கை இல்லன்னா நான் அவரைச் சாகக் கொடுத்திருப்பேன் டீச்சரே"ன்னா. அப்படிச் சொல்லுதவகிட்ட என்னன்னு சொல்ல?

போய்ச் சேந்து மூணாவது நாள் போன் வந்துச்சு.

"டீச்சரே, கண்டுபிடிச்சிட்டேன்."

நான் நினைச்சுக்கூடப் பாக்கல. போட்டோவுல இருக்க ஆளு எங்கயாவது இருக்கத்தானே செய்வாரு? அது எனக்குத் தோணவே இல்ல. அவ படத்தைத் தூக்கிட்டுத் துறைமுகத்துல நடந்திருக்கா. பாத்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டு ஒரு பக்கமாக் கையைக் காட்டியிருக்காவ. போய்ப் பாத்தா நீலச் சுவரு, கோபுரம், வலை, அந்த ஆளு. கர்சன்னு பேராம். பொண்டாட்டி இருக்கா. ரெண்டு பிள்ளைய.

"பேச்சு மறந்துட்டாரு டீச்சரே. வேற பாஷை பேசுதாரு. என்னையப் பாத்துச் சிரிக்காரு, யாரையோ பாத்துச் சிரிக்க மாதிரி. தலையில அடிபட்டிருக்கும். அந்தப் பொம்பளை நல்லவ. எனக்கு ரொட்டி தந்தா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பவும் சொல்லியிருக்கலாம். போன்ல எப்படிச் சொல்ல? அவ்வளவு தூரத்துல தனியா நிக்கா. நேர்ல வந்ததும் பக்குவமாச் சொல்லுவோம்னு விட்டேன். 'சரி, ஜாக்கிரதையா இரு'ன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் அவ சொன்னதை மறக்கதுக்கு முந்தி எழுதி வச்சேன். 'யாரையோ பாத்துச் சிரிக்க மாதிரி.' அந்த மாதிரி வார்த்தை நமக்குத் தானா வராது.

ஒரு வாரம் தினமும் கூப்பிட்டா. அந்த ஆளு வீட்டுக்கு முன்னால போய் உக்காந்திருக்கா. முதல்ல சாப்பாடு தந்தவங்க பிறகு விரட்டத் தொடங்கியிருக்காவ. தண்ணியை ஊத்தியிருக்காவ. அவரு வலை பின்னுத இடத்துக்கே போயிருக்கா. கடைசியா ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டா. குரல் ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

"டீச்சரே, இன்னைக்கு ரொம்பக் கிட்டப் போய்ப் பாத்தேன். புருவத்துல வெட்டு இல்ல."

நான் போனை மத்தக் காதுக்கு மாத்துனேன்.

"மூக்கு இருக்கு, நெத்தி இருக்கு, பார்வை அப்படியே இருக்கு. வெட்டு மட்டும் இல்ல. வெட்டு ஆறுமா டீச்சரே? தடம் இல்லாம ஆறுமா? ஒருவேளை இது அவரு இல்லியோ?"

பாத்தீங்களா? அவளே கேட்டா. அவளே வந்து வாசல்ல நின்னா. நான் 'ஆமா அமலி, அது அவரு இல்ல'ன்னு சொல்லியிருந்தா போதும். அஞ்சு வார்த்தை. ஆனா எனக்கு அப்ப என்ன ஆச்சுன்னா, கோபம் வந்துச்சு. ஆமா, கோபம். எல்லாம் சரியா இருக்கு, வெட்டு ஒண்ணுதான் தப்புங்கிற மாதிரி சொல்லுதா. அந்தப் படத்துல நான் சொந்தமாப் போட்டது அது ஒண்ணுதானே! நான் சொன்னேன்: "படத்துல இருக்குல்லா? அப்ப இருக்கணும்."

"ஆமா டீச்சரே. இருக்கணும்"னா. வச்சிட்டா.

நாலு நாள் போன் இல்ல. அஞ்சாவது நாள் தெரியாத நம்பர்ல இருந்து வந்துச்சு. ராயப்பன்னு ஒருத்தரு, நம்ம பக்கத்து ஆளு, அங்க படகுல வேலை. போலீஸ்காரங்க பேசதை அவருதான் தமிழ்ல சொன்னாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த மனுசன் வலை மேல படுத்துத் தூங்கியிருக்காரு. அமலி மீன் அறுக்க கத்தியோட பக்கத்துல போய் உக்காந்திருக்கா. கொல்லணும்னு இல்லம்மா. புருவத்துல அந்த வெட்டைப் போட்டுட்டா அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துரும்னு நினைச்சிருக்கா. மெதுவாத்தான் வச்சிருக்கா. அவரு திடுக்குனு முழிச்சுத் தலையைத் திருப்பியிருக்காரு. கத்தி கண்ணுல இறங்கிட்டு.

உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணு போச்சு.

அவ ஓடலியாம். அவரு தலையை மடியில எடுத்து வச்சிக்கிட்டு, 'கிளீட்டசு, கிளீட்டசு'ன்னு கூப்பிட்டுட்டே இருந்திருக்கா, ஆளுங்க வந்து பிரிக்க வரைக்கும். அவகிட்ட இருந்த படத்துக்குப் பின்னால எனக்க நம்பரு. அதனால என்னைக் கூப்பிடுதாவ. வந்து என்ன ஏதுன்னு சொல்லணுமாம். படம் எங்க இருக்குன்னு கேட்டேன். ஸ்டேசன்ல இருக்கு, கொஞ்சம் ரத்தம் பட்டிருக்குன்னாரு ராயப்பன். ஆயில் பெயிண்ட்தான், ஈரத்துணியால ஒத்தி எடுத்தாப் போதும், தேய்க்க வேண்டாம்னு சொன்னேன். அவரு பதிலே சொல்லல. லைன் சரியில்ல போல.

நேத்து நாகர்கோவில் ரயில் ஸ்டேசனுக்கு ரெனிட்டா வந்தா. கூட வரட்டுமான்னு கேட்டா. பரீட்சை இருக்கு, வேண்டாம்னுட்டேன். வண்டி நகரப் போற நேரம் சன்னல் வழியா ஒரு தாளை நீட்டுனா. அந்தப் பத்திரிகைக்க நடுப்பக்கம். எப்ப கிழிச்சாளோ, இவ்வளவு நாளும் அவதான் வச்சிருந்திருக்கா.

"டீச்சர், இதைப் போலீஸ்ல காட்டுங்க. எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. அம்மா கிறுக்கி இல்ல, கொலைகாரியும் இல்லன்னு அவிய தெரிஞ்சிக்கிடட்டும். உங்களைத் தவிர யாராலயும் சொல்ல முடியாது." அவ்வளவுதான் சொன்னா. வண்டி நகந்துச்சு. அவ கூடவே ஓடி வரல. அங்கேயே நின்னா. பள்ளிக்கூடத்துல எனக்கு வணக்கம் சொல்லுத பிள்ளை, நேத்து ஒண்ணும் சொல்லல.

நீங்க கேக்க வாறது தெரியுது. காட்டுவீங்கள்லான்னு கேக்கீங்க. காட்டலாம்னுதான் பைக்குள்ள பத்திரமா வச்சேன். ஆனா இதையும் யோசிக்கணும். அந்தத் தாளைப் பாத்தா அவங்க என்ன சொல்லுவாவ? டீச்சர் போட்டோவைக் காப்பி அடிச்சிருக்கான்னு சொல்லுவாவ. பேப்பர்ல வரும். பரிசு வாங்குனது வேற படம்தான். ஆனா யாரு பிரிச்சுப் பாக்கா? எல்லாத்தையும் சேத்துத்தான் பேசுவாவ. பதினெட்டு வருசம் ஒண்ணுமில்லாம இருந்து வந்தவ நான்.

இன்னைக்குக் காலையில நீங்க தூங்கிட்டு இருக்கும்போது அதை எடுத்து இன்னொருக்கா பாக்கலாம்னு கதவுகிட்ட கொண்டு போனேன். அங்க வெளிச்சம் நல்லா இருந்துச்சு. அந்த ஆளுக்க ரெண்டு கண்ணையும் பாத்தேன். நான் வரைஞ்சதை விடக் கொஞ்சம் சின்னக் கண்ணுதான். வண்டி சுரங்கத்துல இருந்து வெளிய வந்துச்சு. ஒரே காத்து. போயிட்டு.

நான் விடலம்மா. காத்து.

ரெனிட்டாட்ட என்ன சொல்லதுன்னு பிறகு யோசிக்கணும். நாளைக் காலையில போலீஸ் ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காவ. அமலியைப் பாக்க விடுவாவளாம். ராயப்பன் பாத்திருக்காரு. யாருட்டயும் பேசலியாம். சாப்பிடலியாம். கையை மடியில வச்சுட்டு, சுவரைப் பாத்துட்டே உக்காந்திருக்காளாம். கண்ணைக்கூடச் சிமிட்டலியாம். அழவும் இல்லியாம்.

அரை மணி நேரம் எதிர்ல உக்கார விட்டாப் போதும். பெரிய போர்டு ஒண்ணும் கொண்டு வரல, உள்ள விட மாட்டாவ. சின்ன நோட்டும் ரெண்டு பென்சிலும்தான். அப்படி ஒரு முகம் எனக்கு இனிக் கிடைக்காது.